பெரட்டுக்கு வந்தால் மட்டும் பேர் விழாது

தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக உட்காருவோம். இன்றைக்கு நாம் பார்க்கப்போவது என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையை. உடப்புசல்லாவைப் பக்கம் ஓ.எல். பெறுபேறு வந்த வாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "பிள்ளைய என்.வி.கியூ. கோர்ஸ் ஒண்ணுல சேத்து விடுங்க" என்று பாடசாலை ஆசிரியர் சொல்வார், மாமா சொல்வார், தோட்டத்துத் தலைவரும் சொல்வார். நாமும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோம். அது என்ன, யார் கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. நமக்கு இப்போது நேரம் இருக்கிறது.

பெண்களை முன்வைத்தே இதைப் பேச விரும்புகிறேன். நம் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. சம்பளம் இப்படிப் போராடிப் போராடிக் கூடுகிறது. ஆனால் இருபது வருடம் மலையில் நின்ற ஒரு அக்கா நாளைக்குத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தால், தனக்கு என்ன வேலை தெரியும் என்று காட்ட அவர் கையில் ஒரு தாளும் இருக்காது. பிள்ளைக்காம்பராவில் பதினைந்து வருடம் கைக்குழந்தைகளைப் பார்த்தவருக்கும் பல இடங்களில் இதே நிலைதான். லயத்து வாசலில் மெஷின் போட்டுத் தைக்கிறவருக்கும் இதே நிலைதான். வேலை தெரிந்த கைகள் நம் ஊரில் நிறைய உண்டு. அதைத் தெரியாத ஒருவரிடம் போய் நிரூபிக்கத்தான் வழியில்லாமல் இருந்தது.

என்.வி.கியூ. அந்த வழிக்காக வந்த ஏற்பாடு. இதைக் கவனிப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. இந்த ஆணைக்குழு நேரடியாக வகுப்பு நடத்துவதில்லை. வகுப்பு நடத்துகிறவர்கள் வேறு: 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகளை நடத்தும் திணைக்களம், 1971இல் தொழில் பழகுநர்களுக்காகத் தொடங்கி இன்று நைட்டா என்று அழைக்கப்படும் அதிகார சபை, அவற்றோடு தனியார் நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும். இத்தனை பேர் பயிற்சி கொடுத்தாலும் தகைமைக்கான அளவுகோல் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கொழும்பில் படித்த பிள்ளைக்கும் உடப்புசல்லாவைப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுவே.

இனி எல்லோருக்கும் இருக்கும் ஒரு தப்பெண்ணத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. சான்றிதழ் என்றால் ஒரு வகுப்பில் ஆறு மாதம் இருந்ததற்கான அத்தாட்சி என்று நாம் நினைக்கிறோம். பாடசாலையில் அப்படித்தானே பழகியிருக்கிறோம். வருடம் முழுக்கப் போனோம், புத்தகம் முடிந்தது, அடுத்த வகுப்புக்கு ஏறினோம். ஆகவே என்.வி.கியூ. என்றதும் "எத்தனை மாசக் கோர்ஸ்?" என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்கிறது. கோர்ஸுக்குப் போக முடியாதவர், "அப்போ எனக்கு அது இல்ல" என்று ஒதுங்கிக்கொள்கிறார். கோர்ஸுக்குப் போனவர், "நாந்தான் முடிச்சிட்டேனே" என்று கடைசி மதிப்பீட்டுக்குப் போகாமலே நின்றுவிடுகிறார். இரண்டு பேருக்கும் நட்டம்.

இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறோம், மலைக்கு ஏறுகிறோம். நாள் முழுக்க மலையில் நின்றால் மட்டும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்துவிடுமா? நிறுவையில் தோட்டம் கேட்கிற கிலோ நிறைய வேண்டும். 18 கிலோ கேட்கிற தோட்டத்தில் பன்னிரண்டு கிலோவோடு இறங்கினால் கணக்குப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். நிறுவையில் தண்ணீருக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்ற நியாயமான சண்டை தனியாக இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசுவோம். இங்கே நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: பயிற்சி வகுப்பு என்பது பெரட்டு, மதிப்பீடு என்பது நிறுவை. என்.வி.கியூ. நிறுவையில் விழுகிற பேர்.

அப்படியானால் தராசில் எதைப் போட்டு நிறுக்கிறார்கள்? ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தேர்ச்சி நியமம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களையும் கூட்டி வைத்து, இந்த வேலை தெரிந்த ஒருவர் என்னென்ன செய்வார், எப்படிச் செய்தால் சரி என்று பிரித்து எழுதிய ஆவணம் அது. ஒரு தொழிலைச் சின்னச் சின்ன அலகுகளாக உடைத்து, ஒவ்வொரு அலகிலும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செயல்களை எழுதியிருப்பார்கள். 'நன்றாகத் தைப்பார்' என்று எழுதினால் அதை யாரும் அளக்க முடியாது. 'அளவெடுத்தார், அளவு சரியாக இருந்தது' என்று எழுதினால் அளக்கலாம்.

சாரி பிளவுஸ் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். நம் அக்கா மேசைக்கு முன்னால் நிற்கிறார், மதிப்பீட்டாளர் ஓரமாக நின்று பார்க்கிறார். அளவுநாடா உடம்பில் தளர்ந்து தொங்குகிறதா, இறுக்கிப் பிடிக்கிறதா? எடுத்த அளவை மனதில் வைத்துக்கொள்கிறாரா, தாளில் எழுதுகிறாரா? துணியை விரிக்கும்போது நூலோட்டம் பார்த்து வைக்கிறாரா? தையலுக்கு ஓரம் விட்டு வெட்டுகிறாரா? மெஷினில் நூல் கோத்ததும் நேரே பிளவுஸில் ஓட்டாமல், துண்டுத் துணியில் ஒரு கோடு ஓட்டி நூலின் இறுக்கம் பார்க்கிறாரா? ஊசியில் நூல் கோக்கிற நேரம் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாரா? எடுக்காவிட்டால் விரலில் ஊசி இறங்கும், வேலை தெரிந்தவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார். கடைசியில் கொக்கி வைத்து, அயர்ன் பண்ணி, மெஷினில் தங்கிய பஞ்சைத் தட்டித் துடைக்கிறாரா? மதிப்பீட்டாளர் இடையிடையே கேள்வியும் கேட்பார், வழுக்கும் துணியானால் என்ன செய்வீர்கள் என்பது போல. இதில் கட்டுரை எழுதவேண்டிய இடம் ஏதாவது இருக்கிறதா? தன் கைக்குத் தெரிந்ததை அவர் அப்படியே செய்து காட்டவேண்டும், அவ்வளவுதான்.

மதிப்பெண்ணும் இங்கே நாம் பழகிய மாதிரி இல்லை. எழுபத்தைந்து, நாற்பது என்று போடுவதில்லை. தேர்ச்சி பெற்றார், அல்லது இன்னும் தேர்ச்சி பெறவில்லை, இரண்டில் ஒன்று. அந்த 'இன்னும்' எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஐந்து அலகில் நான்கு சரியாக இருந்து ஒன்று வராமல் போனால், வந்த நான்கையும் அழித்துவிடமாட்டார்கள். முடித்த அலகுகளுக்குப் பதிவுச் சான்று தருவார்கள். மீதியைப் பயின்று வந்து காட்டலாம். ஓ.எல். கணிதத்தில் ஒருமுறை தவறியதை ஆயுள் முழுக்கச் சுமக்கிற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஒரு கேள்வி தானாகவே எழும். நிறுவைதான் முக்கியம் என்றால், பெரட்டுக்கு வராமலே கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கலாமா? தோட்டத்தில் முடியாது. என்.வி.கியூ.வில் முடியும். அதற்குப் பெயர் முன்கற்றலை அங்கீகரித்தல். வகுப்பில் சேராமலே, வேலை செய்து செய்து பழகியவர் நேரே மதிப்பீட்டுக்குப் போகும் வழி அது. திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் திறமை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இந்தத் தொழிற்தகைமை முறையை 1986இல் பிரித்தானியாவில் தொடங்கினார்கள். நம் நாட்டில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இத்தனை வருடமாக இருந்தும் லயத்து வாசலுக்கு இந்தச் செய்தி சரியாக வந்து சேரவில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

வழி இப்படிப் போகும். நைட்டாவின் மாவட்டக் காரியாலயம் போன்ற மதிப்பீடு நடத்தும் இடத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வேலை அனுபவத்துக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். ஒருவரிடம் வேலை பார்த்தவரானால் அவர் தரும் கடிதம், சொந்தமாகத் தைப்பவரானால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தைத்த உடைகளின் படங்கள் போன்றவை. பிறகு ஒரு முன்நேர்காணல். எந்த மட்டத்துக்கு இவர் பொருந்துவார், எங்கே குறை இருக்கிறது என்று அதில் சொல்வார்கள். குறை இருந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும் பயின்றுவிட்டு வரலாம். அதன்பின் நாம் மேலே பார்த்த அந்த மேசையும் துணியும் மதிப்பீட்டாளரும். கட்டணம் ஒன்று உண்டு, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்தத் தாள் கைக்கு வந்தால் என்ன மாறும்? பெரிய பேச்சு பேச எனக்கு விருப்பமில்லை. அதைக் காட்டினதும் ஒருவர் வேலை தந்துவிடுவார் என்று சொல்லமுடியாது. ஆனால் நம் தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைத் தகப்பனோ கணவனோ போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மலையில் நின்றது அவள், காசு எண்ணியது இன்னொருவர். தொழிற்தகைமை அப்படி இன்னொருவர் கைக்கு மாறாது. அவருடைய பெயரில் இருக்கும், அவர் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலிலோ கண்டியில் ஒரு தையற்கடையிலோ சம்பளம் பேசும்போது, "எனக்கு வேலை தெரியும்" என்பதை அவர் வாயால் மட்டும் சொல்லவேண்டியதில்லை. தோட்டப் பெயரையும் ஊரையும் கேட்டதும் முகம் மாறுகிற முதலாளிகளுக்கு முன்னால் இது சின்ன விஷயமில்லை.

டவுனில் தொங்கும் போர்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 'அரச பதிவு பெற்ற நிலையம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அம்மா நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்ப்பார். ஆணைக்குழு இரண்டு வேலையைத் தனித்தனியாகச் செய்கிறது. நிறுவனத்தைப் பதிவு செய்வது ஒன்று. அந்த நிறுவனம் நடத்தும் குறிப்பிட்ட பாடநெறியைத் தரம் பார்த்து அங்கீகரிப்பது இன்னொன்று. பதிவு பெற்ற இடத்தில் நடக்கிற எல்லாப் பாடநெறிக்கும் என்.வி.கியூ. கிடைத்துவிடாது. அங்கீகாரம் பெற்ற பாடநெறிக்குத்தான் கிடைக்கும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "இந்த கோர்ஸ் என்.வி.கியூ.வுக்கு அங்கீகாரம் பெற்றதா, எத்தனையாவது மட்டம்?" என்பது. பதில் சுற்றி வளைத்து வந்தால் காசைக் கட்டாமல் திரும்பிவிடலாம். அங்கீகாரம் பெற்ற நிலையங்கள், பாடநெறிகளின் பட்டியலை ஆணைக்குழுவின் இணையதளத்தில் பார்க்கலாம். அரச நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணமில்லை, அல்லது மிகக் குறைவு என்பதையும் அடகுக்கடைக்குப் போகும் முன் நினைவில் வைக்க வேண்டும்.

மட்டம் என்று சொன்னேன். மொத்தம் ஏழு மட்டங்கள். ஒன்று, தொழிலுக்குள் நுழைகிறவரின் அடிப்படைத் திறன். நான்கில் ஒருவர் யாரும் பக்கத்தில் நின்று பார்க்கத் தேவையில்லாமல் தனியாக வேலை செய்யும் முழுத் தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. இங்கே மற்றவர்களை மேற்பார்வை செய்யும் திறனும் சேர்கிறது. ஏழு பட்டத்துக்குச் சமம். அதற்கென்றே இரத்மலானையில் யுனிவொடெக் என்ற பல்கலைக்கழகத்தை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்தார்கள். எல்லாத் தொழிலுக்கும் ஏழு மட்டமும் இல்லை. சில நான்கோடு நின்றுவிடும். சேருமுன்னே 'இதற்கு மேலே என்ன இருக்கிறது' என்று கேட்டுக்கொள்வது அதனால்தான். நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது பெண்கள், பின்னால் நிற்கிற கங்காணி பெரும்பாலும் ஆண். அண்மைக் காலத்தில்தான் சில இடங்களில் பெண்கள் கங்காணிகளாகியிருக்கிறார்கள். பயிற்சிக்குப் போகிற பெண்ணும் நான்காம் மட்டத்தோடு திருப்திப்பட்டு நிற்காமல், மேற்பார்வை செய்யும் மட்டத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எந்தத் தொழில் என்று கேட்டால், பெண் பிள்ளை என்றதும் தையல், அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியை என்ற மூன்றோடு நம் யோசனை முடிந்துவிடுகிறது. மூன்றும் நல்ல தொழில்கள்தான். ஆனால் ஒரே தோட்டத்தில் பத்துப் பேர் தைத்தால் யாருக்குத் தைப்பது? வீட்டு மின்சார வயரிங், கணினி, முதியோர் பராமரிப்பு, ஹோட்டல் சமையல், பேக்கரி எல்லாவற்றுக்கும் தகைமை உண்டு. வயரிங் வேலைக்குக் கட்டுமஸ்தான உடம்பு தேவையில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே கம்பியைத் தொடுகிற நிதானம் வேண்டும். அட்டைக்கடியையும் மழையையும் பொறுத்துக்கொண்டு சரிவில் நின்று கொழுந்து பறித்த குடும்பத்தில் வந்த பிள்ளைக்கு அந்த நிதானம் புதிதில்லை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுக்கும் பயிற்சியைக்கூட என்.வி.கியூ. மூன்றாம் மட்டத்தோடு இணைத்திருக்கிறார்கள். போவதானாலும் தகைமையோடு போவதற்கும் வெறுங்கையோடு போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எல்லாம் இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் நம் பெண் பிள்ளைகள் குறைவாகப் போகிறார்கள்? ஒன்று மொழி. பக்கத்தில் இருக்கிற நிலையத்தில் நாம் விரும்பும் பாடநெறி சிங்களத்தில் மட்டும் நடக்கும். 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, ஆனால் தமிழில் கற்பிக்கத் தெரிந்த போதனாசிரியர் இல்லாமல் சட்டம் மட்டும் வகுப்பெடுக்காது. இதைக் கேட்டுப் பெறவேண்டியது நம் பிரதிநிதிகளின் வேலை, அவர்களிடம் கேட்கவேண்டியது நம் வேலை. மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தமிழில் நடத்தித் தரும்படி அப்போதே எழுதிக்கொடுக்கலாம்.

இன்னொன்று பாதை. வெள்ளைக்காரர் காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் ஒரு சின்ன ரயில் பாதை இருந்தது. 1904இல் இராகலைக்கு வந்தது, 1940களில் மூடிவிட்டார்கள். தேயிலைப் பெட்டியை இறக்க அந்தக் காலத்தில் ரயில் விட்டார்கள். இன்றைக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளை படித்துவிட்டு வர மாலை பஸ்ஸை நம்பி நிற்கிறாள். ஹட்டனில் தொண்டமான் பெயரில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. உடப்புசல்லாவையிலிருந்து அது தினம் போய்வருகிற தூரமில்லை. தங்குமிடம் வேண்டும். பல பாடநெறிகளில் நிலையத்துப் படிப்பு முடிந்ததும் சில மாதம் வேலைத்தளப் பயிற்சி இருக்கும். அந்த வேலைத்தளம் கண்டியிலோ கொழும்பிலோ அமைந்துவிட்டால், "பொம்பளப் புள்ளய அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். நிறுவைக்கு இரண்டடி முன்னால் கூடையை இறக்கிவைக்கும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் சேரும் நாளிலேயே, வேலைத்தளப் பயிற்சி எங்கே, தங்க இடம் யார் பார்ப்பார்கள், கூட யார் போகிறார்கள் என்று நிலையத்துப் பொறுப்பாளரிடம் பேசிவைத்தால் அந்தப் பயத்தில் பாதி கரையும். ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

கடைசியாக, பிள்ளை இன்னும் பாடசாலையில் இருக்கிற வீடுகளுக்கு ஒன்று. 2017இல் பதின்மூன்று வருடக் கல்வியை உறுதிப்படுத்தும் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. ஓ.எல். சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையை விட்டுப் போகாமல், 12ஆம் 13ஆம் தரங்களில் தொழிற்பிரிவில் படித்து நான்காம் மட்டத்தை எட்டலாம். எல்லாப் பாடசாலையிலும் இந்தப் பிரிவு இல்லை. ஆகவே பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல், பக்கத்தில் எந்தத் தமிழ்ப் பாடசாலையில் இருக்கிறது, என்னென்ன தொழில் பாடங்கள் இருக்கின்றன என்று அதிபரிடமோ வலப்பனை வலயக் கல்விக் காரியாலயத்திலோ இந்தத் தவணையிலேயே போய்க் கேட்கலாம்.